ஆள் கை பட்டால் விலை ஏறும் நாடு: சுவிட்சர்லாந்தில் ஒரு கோவைக் குடும்பத்தின் செலவுக் கணக்கு

2024 ஜூன் மாதம் கோவையிலிருந்து ஒரு குடும்பம் சுவிட்சர்லாந்து போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தது. கணவன், மனைவி, பத்து வயது மகள், கணவரின் அம்மா என நான்கு பேர். விமானம், விசா, காப்பீடு மூன்றையும் தள்ளிவிட்டால், அங்கே இறங்கியதிலிருந்து திரும்ப ஏறும்வரை ஆன செலவு ஏறக்குறைய 3,400 ஃபிராங்க். அப்போதைய மதிப்பில் மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அளவுக்கு வரும். இதே எட்டு நாளுக்கு ஊரில் ஒரு பயண முகவர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு ஐந்தரை லட்சம். அதிலும் மதியச் சாப்பாடு அவரவர் பொறுப்பு.

திட்டம் போடும்போது நானும் கூட உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு அம்மணி ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். கழிப்பறைக்குப் போட்ட சில்லறை வரைக்கும் ஒரு நோட்டில் எழுதி, ரசீதுகளையும் ஒட்டி வைத்திருந்தார். இந்த ஆய்வுக்கு அந்த நோட்டுதான் ஆதாரம். ஃபிராங்கை எல்லா இடத்திலும் நூறு ரூபாயாக வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்குச் சுலபம். அவர்களும் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள்.

எட்டு நாளும் பட்டினி கிடந்து மிச்சம் பிடித்த கதை இல்லை இது. சுவிட்சர்லாந்தில் எல்லாமே விலை அதிகம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். நோட்டைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. ஒரு பக்கம் விலை தலை சுற்ற வைக்கிறது, இன்னொரு பக்கம் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால், ஆள் கூலி.

ஜெனிவா மாநிலத்தில் 2020 நவம்பர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23 ஃபிராங்க் என்று வாக்கெடுப்பு நடத்தியே சட்டமாக்கினார்கள். அதன்பிறகு அது இன்னும் ஏறியிருக்கிறது. 2022 கணக்குப்படி அந்த நாட்டின் நடுவாந்தரச் சம்பளம் மாதம் 6,788 ஃபிராங்க். அப்படியிருக்க, ஒருவர் மேசைக்கு வந்து, ஆர்டர் எடுத்து, தட்டைக் கொண்டுவந்து வைத்து, திரும்ப எடுத்துக்கொண்டு போனால் அந்தத் தட்டில் இருக்கும் உருளைக்கிழங்குக்கு என்ன விலை வரும்? சாதாரண உணவகத்தில் ஒரு தட்டு 25 முதல் 35 ஃபிராங்க். அதே உருளைக்கிழங்கைக் கடையில் கிலோவாக வாங்கி நாமே வேக வைத்தால் இரண்டு மூன்று ஃபிராங்கில் முடிந்துவிடும். முடிவெட்டுவது, டாக்சி, அறையைச் சுத்தம் செய்வது, வழிகாட்டி வைத்துச் சுற்றுவது எல்லாம் இந்த வகைதான். இயந்திரத்தில் டிக்கெட் எடுப்பது, அலமாரியில் இருந்து நாமே பொருளை எடுப்பது, தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், மலிவான பக்கம். இந்தக் கோட்டை முதலிலேயே பார்த்துவிட்டால் திட்டம் தானாக அமைந்துவிடுகிறது.

இறைச்சி மட்டும் விதிவிலக்கு. உள்ளூர் விவசாயிகளைக் காப்பாற்ற இறக்குமதி வரியைக் கடுமையாக வைத்திருப்பதால், ஆள் கை படாமல் கடையில் வாங்கினாலும் விலை கொதிக்கும். இந்தக் குடும்பம் சைவம், அதனால் தப்பித்தது.

ரயில் கணக்கு

முகவரின் மதிப்பீட்டில் முதலில் கண்ணில் பட்டது பெரியவர்கள் மூவருக்கும் எட்டு நாள் சுவிஸ் டிராவல் பாஸ். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே உள்ள பாஸ் இது. ரயில், பேருந்து, ஏரிப் படகு, நகரங்களின் டிராம், ஐந்நூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் செல்லும். 2024-ல் இரண்டாம் வகுப்பு விலை 3 நாளுக்கு 244, 4 நாளுக்கு 295, 6 நாளுக்கு 379, 8 நாளுக்கு 419, 15 நாளுக்கு 459 ஃபிராங்க். நம் ஆட்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் வாங்குகிறார்கள். முகவர்களுக்கும் விற்க வசதி.

இன்னொரு அட்டை இருக்கிறது. ஹாஃப் ஃபேர் கார்டு. 2024-ல் ஒரு மாதத்துக்கு 120 ஃபிராங்க். இது இலவசமாக ஏற்றிக்கொண்டு போகாது, அநேகமாக எல்லா டிக்கெட்டையும் பாதி விலைக்குத் தரும். அந்த ஊர்க்காரர்கள் லட்சக்கணக்கானோர் சட்டைப்பையில் வைத்திருப்பது இதன் ஆண்டு அட்டையைத்தான்.

இரண்டில் எது லாபம் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. எட்டு நாளில் ஒருவர் போகப்போகும் பயணங்களை முழு விலையில் கூட்டுங்கள். அதில் பாதியோடு 120-ஐச் சேர்த்தால் ஹாஃப் ஃபேர் வழிச் செலவு. 419-க்குச் சமமாக வேண்டுமென்றால் முழு விலைக் கூட்டுத்தொகை 598 ஆக வேண்டும். அதாவது தினமும் 75 ஃபிராங்க் அளவுக்கு ஓடிக்கொண்டே இருந்தால்தான் பாஸ் போட்ட காசை எடுக்கும். மூன்று நாள் பாஸுக்கு இதே கணக்கைப் போட்டால் நாளுக்கு 83, நான்கு நாளுக்கு 87. பதினைந்து நாளுக்கோ வெறும் 45. நீண்ட நாள் தங்கினால் பாஸின் பக்கம் தராசு சாயும்.

இவர்கள் பாதை: சூரிக் விமான நிலையத்திலிருந்து லூசெர்ன், அங்கே இரண்டு இரவு, ஒரு நாள் ரிகி மலை. பிறகு இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில் வில்டர்ஸ்வில் என்ற சிற்றூரில் ஐந்து இரவு. அங்கிருந்து ஒரு நாள் பெர்ன், ஒரு நாள் லாட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்கு, ஒரு நாள் மலைமேல். கடைசி நாள் நேரே விமான நிலையம். ரிகிக்குப் பாஸ் இருந்தால் இலவசம் (1871-ல் ஐரோப்பாவின் முதல் மலை ரயில் ஏறியது அந்த மலையில்தான்). அதையும் முழு விலையாகச் சேர்த்தே கூட்டிப் பார்த்தோம். ஒருவருக்கு 400-க்குச் சற்று மேல் வந்தது. 598 எங்கே, இது எங்கே. ஆளுக்குத் தொண்ணூறு ஃபிராங்க் அளவு பாஸில் நட்டம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

யுங்ஃப்ராவ்யோக் கணக்கு இதைவிடச் சுவாரஸ்யம். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நிலையத்துக்கு மலையைக் குடைந்து ரயில் விட்டது 1912-ல். இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழுக்கட்டணம் 200 ஃபிராங்கைத் தாண்டும். டிராவல் பாஸ் வழியிலுள்ள கிரிண்டெல்வால்ட் ஊர் வரைக்கும்தான் இலவசம், அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. 120 ஃபிராங்க் ஹாஃப் ஃபேர் கார்டுக்கோ அடியிலிருந்து உச்சி வரை பாதிக் கட்டணம். விலை கூடிய அட்டை, எல்லாவற்றையும்விட விலை கூடிய மலையில் குறைவாக உதவுகிறது! சுற்றுலாப் பயணிகள் நிறையப் போகும் மலை அது என்பதால் இது பலருடைய கையைக் கடிக்கும் விஷயம். மேலே போனது தகப்பனும் மகளும் மட்டும். பாட்டிக்கு ரத்த அழுத்தம். அவ்வளவு உயரம் வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குழந்தைக்குத் தனிச் செலவு பெரிதாக இல்லை. 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு சுவிஸ் ஃபேமிலி கார்டு என்று ஒன்று உண்டு. பெற்றோர் பாஸோ ஹாஃப் ஃபேர் கார்டோ வாங்கும்போது கேட்டால் சும்மா தருவார்கள். அம்மாவோ அப்பாவோ கூடவே வந்தால் பிள்ளைக்கு ரயில் இலவசம். பாட்டியோடு மட்டும் அனுப்பினால் செல்லாது. முதியவர்களுக்கென்று டிராவல் பாஸில் தனிச் சலுகையும் கிடையாது. நம் ஊர் ரயில்வேயில் ஒரு காலத்தில் இருந்த மாதிரி இருக்கும் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. சேவர் டே பாஸ் என்ற ஒருநாள் டிக்கெட், ஹாஃப் ஃபேர் கார்டு வைத்திருப்பவர்களுக்கு 29 ஃபிராங்கிலிருந்து ஆரம்பிக்கிறது. ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வரும். நாள் நெருங்க நெருங்க மலிவு விலை டிக்கெட் தீர்ந்து, விலை ஏறும். பெர்ன் போன நாளுக்கும் ஊர் திரும்பிய நாளுக்கும் இதை முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். பெர்ன் நாளில் போகும்போது ரயில், வரும்போது துன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து இன்டர்லாக்கன் வரை ஏரியில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் படகு. அந்தப் படகும் இதே டிக்கெட்டில் அடக்கம்.

சூப்பர்சேவர் என்று இன்னொரு மலிவு டிக்கெட் உண்டு. குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும், தள்ளுபடி 70 சதவீதம் வரைக்கும் போகும். வந்திறங்கும் நாளுக்கு அதை வாங்கியிருந்தார்கள். விமானம் தாமதம், குடியேற்றப் பிரிவில் நீண்ட வரிசை, ரயில் போய்விட்டது. முப்பது ஃபிராங்க் அளவுக்கு வீண். புதிய டிக்கெட் எடுக்காமல் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கே நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் ரயிலுக்குள் பரிசோதகர் வருவார், மாட்டினால் முதல் தடவையே சுமார் நூறு ஃபிராங்க். விமானத்தில் வந்து இறங்கும் நாளுக்கு நேரம் குறித்த டிக்கெட் வாங்கவே கூடாது.

எல்லாம் போக, மூன்று பாஸ் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவுக்கும் இதற்கும் வித்தியாசம் 300 ஃபிராங்கைத் தாண்டியது. முப்பதாயிரம் ரூபாய். ஒரு சாயங்காலம் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்ததற்கு மோசமில்லை.

தங்கிய இடம்

லூசெர்னில் யூத் ஹாஸ்டல். பெயரைக் கேட்டுப் பாட்டி வருவாரா என்று சந்தேகம் இருந்தது. சுவிஸ் யூத் ஹாஸ்டல்களில் வயது வரம்பெல்லாம் கிடையாது, நான்கு கட்டில் குடும்ப அறை கிடைக்கும், காலை உணவு வாடகைக்குள் அடக்கம். படுக்கை விரிப்பை நாமே போட்டு, போகும்போது நாமே உருவிக் கூடையில் போட வேண்டும். மறுபடியும் அதே கதைதான்: வேலையை நாம் செய்தால் விலை இறங்கும்.

வில்டர்ஸ்வில்லில் சமையலறையோடு கூடிய இரண்டு அறை வீடு. இரவுக்கு 180 ஃபிராங்க். இன்டர்லாக்கனுக்குள்ளேயே எடுத்தால் இன்னும் கூடுதல். இங்கேயோ ரயிலில் சில நிமிடம்தான், மலைக்குப் போகும் பாதையும் இதுவே. இந்த வாடகை வீடுகளில் கவனிக்க வேண்டியது கடைசிச் சுத்தக் கட்டணம். விளம்பரத்தில் இரவு வாடகை பெரிய எழுத்தில் இருக்கும், இது கீழே எங்கோ இருக்கும். இவர்களுக்கு 120 ஃபிராங்க். ஓர் இரவு தங்கினாலும் அதே 120, ஐந்து இரவு தங்கினாலும் அதே 120. இரண்டு நாளுக்கொரு ஊர் என்று தாவும் திட்டத்தில் வாடகை வீடு கட்டுப்படியாகாது. ஒரே இடத்தில் கூடாரம் அடித்துச் சுற்றிப் பார்ப்பதற்குத்தான் அது பொருந்தும். சுவிட்சர்லாந்து சின்ன நாடு, ரயில்கள் நேரத்துக்கு வரும், எனவே அப்படிச் சுற்றுவதில் கஷ்டமும் இல்லை.

குப்பைக்கும் காசு என்பது பாட்டிக்குக் கடைசிவரை சமாதானமாகவில்லை. பெரும்பாலான ஊர்களில் ஊராட்சி விற்கும் பையில் போட்டால்தான் குப்பையை எடுப்பார்கள். பெரிய பை ஒன்று இரண்டு ஃபிராங்க் பக்கம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை சூப்பர் மார்க்கெட்டில் உள்ள தொட்டியில் போட்டால் இலவசம். ஒரே பையில் ஐந்து நாளும் ஓட்டினார்கள்.

தங்குகிறவர்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று ஊர் வரி வாங்குவார்கள். அதற்குப் பதிலாக விருந்தினர் அட்டை ஒன்று தர வேண்டும். பெர்னில் தங்கினால் நகரப் போக்குவரத்து இலவசம். பாசெல், ஜெனிவா, லோசான் நகரங்களிலும் அப்படியே. தெற்கே டிச்சினோ மாநிலத்தில் மாநிலம் முழுக்க ரயிலும் பேருந்தும் இலவசம். இன்டர்லாக்கன் பகுதியில் உள்ளூர்ப் பேருந்து. விடுதியில் கேட்காமலே கொடுத்துவிடுவார்கள். தனியார் வீட்டில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும், இவர்கள் இரண்டு தடவை செய்தி அனுப்பிய பிறகுதான் வந்தது.

அடுப்படி

சாப்பாட்டுக்கு நான்கு பேருக்கு எட்டு நாளில் ஆனது 600 ஃபிராங்க். தலைக்கு ஒரு நாளுக்கு 19 ஃபிராங்குக்குள். உணவகத்தில் ஒரு தட்டுக்கே போதாத காசு.

ஊரிலிருந்து கொண்டுபோனவை: பொன்னி அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி, ஒரு சின்ன ரைஸ் குக்கர். நெய்யும் பால்கோவாவும் கிளம்பும் முன்பே பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டன. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர சுவிஸ் சுங்கம் அனுமதிப்பதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் காய், கனி, இலை அநேகமாக எதையும் கொண்டுபோகக் கூடாது. நம் ஊர் மூன்று முள் பிளக் அங்குள்ள சுவரில் ஏறாது. மெல்லிய இரண்டு முள் பிளக் அப்படியே ஏறும்.

மற்றதெல்லாம் மிக்ரோ, கோப் என்ற இரண்டு பெரிய கடைகளில். மிக்ரோவின் பிறப்பே விலைக் குறைப்பில்தான். 1925-ல் கோட்லீப் டுட்வைலர் என்பவர் ஐந்து லாரிகளில் காபி, அரிசி, சர்க்கரை, பாஸ்டா, தேங்காய்க் கொழுப்பு, சோப்பு ஆகிய ஆறே பொருளை ஏற்றிக்கொண்டு சூரிக் தெருக்களில் விற்கக் கிளம்பினார். கடை வாடகை இல்லை, இடைத்தரகர் இல்லை. மளிகைக்காரர்களும் பெரிய நிறுவனங்களும் கடுமையாக எதிர்த்தார்கள், ஜனங்கள் லாரியைத் தேடிப் போய் வாங்கினார்கள். இன்றைக்கும் அங்கே எம்-பட்ஜெட் என்ற மலிவு வரிசை இருக்கிறது. கோப்பில் அதற்கு ஈடாக பிரி கராண்டி. பால், தயிர், ரொட்டி, முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் இவற்றில் வாங்கினால் விலை பயமுறுத்தாது. சாயங்காலம் கடை மூடும் நேரத்துக்குச் சற்று முன்னால் போனால், அன்றோடு காலாவதியாகும் பொருட்களின்மேல் 25, 50 சதவீதம் என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நல்ல வேட்டை கிடைக்கும். காரணம், ஞாயிறு பெரும்பாலும் கடை கிடையாது. ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

வெளியே சாப்பிட்டே ஆக வேண்டிய நாட்களில் கோப், மிக்ரோ இரண்டும் நடத்தும் சுயசேவை உணவகங்கள் கைகொடுத்தன. தட்டை நாமே நிரப்பிக்கொள்ளலாம். அரசாங்கமும் இந்தக் கணக்கில் ஒத்துழைக்கிறது: 2024 முதல் உட்கார்ந்து சாப்பிட்டால் விற்பனை வரி 8.1 சதவீதம், பார்சல் கட்டிக்கொண்டு போனால் 2.6. உட்கார்ந்து சாப்பிட்டாலும் டிப்ஸ் கட்டாயமில்லை, 1974 முதல் சேவைக் கூலி விலைக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. சில்லறையை முழுத் தொகையாக்கிக் கொடுத்தால் போதும். இது தெரியாமல் பத்து சதவீதம் வைத்துவிட்டு வரும் நம் ஆட்கள் ஏராளம்.

லூசெர்னில் முதல் நாள் ஏரிக்கரைக் கடையொன்றில் டீ விலையைக் கேட்டுவிட்டுப் பாட்டி எழுந்தேவிட்டார். “ஏங் கண்ணு, ஒரு டீத்தண்ணி ஐநூறு ரூவாயா? வேண்டாஞ் சாமி, ரூமுக்குப் போய்க் குடிச்சுக்கலாம்.” அதன்பிறகு ஃபிளாஸ்க் இல்லாமல் யாரும் வெளியே கிளம்பவில்லை.

பெர்னில் பாட்டிக்காகவே போட்ட நிறுத்தம் ஐரோப்பாப்பிளாட்ஸ் சதுக்கத்தில் உள்ள சமயங்களின் இல்லம். 2014-ல் திறந்த அந்தக் கட்டடத்தில் கிறித்தவம், இஸ்லாம், பௌத்தம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அதற்குள்ளேயே ஞானலிங்கேச்சுரர் கோயில் இருக்கிறது, ஈழத் தமிழர்கள் எழுப்பியது. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்து சேர்ந்து, இன்றைக்குச் சுமார் ஐம்பதாயிரம் பேராக இருக்கிறார்கள். வந்த முதல் தலைமுறையில் பலருக்குக் கிடைத்த வேலை உணவகச் சமையலறைகளில்தான். 35 ஃபிராங்க் தட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிய கைகளில் பல தமிழ்க் கைகள்.

கோயிலை முடித்துக்கொண்டு ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தார்கள். கல்லாவில் இருந்த பெரியவர் பாட்டியின் சேலையைப் பார்த்ததுமே கேட்டார்: “அம்மா, எங்கயிருந்து வாறியள்?” கோயம்புத்தூர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை நாள், எங்கே தங்கியிருக்கிறீர்கள், அடுப்பு இருக்கிறதா என்று விசாரித்தார். “இஞ்ச ஒவ்வொரு நாளும் வெளியில சாப்பிட்டாக் கட்டாது அம்மா. சமையுங்கோ.” கத்தரிக்காய், பச்சை மிளகாய், துவரம்பருப்பு, ஒரு பாக்கெட் இடியாப்பமா வாங்கினார்கள். கறிவேப்பிலை விமானத்தில் வந்த விலை, எடுத்துப் பார்த்துவிட்டு அம்மணி திரும்ப வைத்துவிட்டார். பெரியவர் ஒரு கொத்து முறித்துப் பைக்குள் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. நோட்டில் அந்த வரிக்கு எதிரே ஒரு சுழியம் போட்டிருக்கிறது.

மலையும் மேகமும்

மலைச் செலவில் பெரிய சேமிப்பு கேமராவில் இருக்கிறது. யுங்ஃப்ராவ்யோக், ரிகி போன்ற உச்சிகளின் நேரலைப் படம் இணையத்தில் எந்நேரமும் கிடைக்கும். அவர்கள் குறித்து வைத்திருந்த நாளில் காலை ஆறு மணிக்குப் பார்த்தால் திரை முழுக்க வெள்ளை. வெறும் மேகத்தைப் பார்ப்பதற்கு நூறு ஃபிராங்குக்கு மேல் கொடுப்பதா? தேதி குறித்து முன்பதிவு செய்யாததால் நட்டமில்லை. லாட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்கில் இறங்கி நடந்தார்கள். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டௌபாக் அருவி, ஊர் நடுவிலேயே, கட்டணமில்லாமல். மேகம் மலையின் பாதியில் நின்றதால் அருவி வானத்திலிருந்தே இறங்குகிற மாதிரி இருந்ததாம்.

மறுபடி வெளுத்த நாளில் தகப்பனும் மகளும் யுங்ஃப்ராவ்யோக் போக, மாமியாரும் மருமகளும் ம்யூரன் போனார்கள். வாகனம் நுழையாத மலையூர். அங்கிருந்து கிம்மெல்வால்ட் வரை இறக்கமான பாதை, மெதுவாக நடந்தாலும் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். மஞ்சள் பலகை வைத்த நடைபாதைகள் அந்த நாட்டில் 65,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. எதற்கும் டிக்கெட் இல்லை. மேலே ஏறுவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்து, இறங்கும்போது நடந்தால் செலவு பாதி. முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டிக்கு ஒத்துழைத்தது.

கிம்மெல்வால்டில் ஆளில்லாக் கடை ஒன்று இருக்கிறது. பால்கட்டி, சாக்லேட், சின்னச் சின்ன நினைவுப் பொருட்கள் எல்லாம் விலை எழுதி வைத்திருக்கும். எடுத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். பண்ணை வீட்டு வாசல்களிலும் இப்படி உண்டு: ஒரு சின்னக் குளிர்பெட்டி, உள்ளே முட்டையும் பால்கட்டியும், பக்கத்தில் காசு டப்பா. பாட்டி சுற்றுமுற்றும் பார்த்தார். “யாருமே இல்லையா? எடுத்துட்டுப் போயிட்டா?” “அதான் அத்தை, யாரையாவது உக்கார வச்சா அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கணுமே” என்றாராம் மருமகள். மணிக்கு 23 ஃபிராங்க் கொடுத்துக் காவலுக்கு ஆள் வைப்பதைவிட, எப்போதாவது ஒரு துண்டு பால்கட்டி களவு போனால் பரவாயில்லை என்பதும் ஒரு கணக்குதான்.

சில்லறை ஒழுகல்கள்

தண்ணீருக்கு எட்டு நாளில் ஒரு ராப்பன்கூட (ஃபிராங்கில் நூறில் ஒரு பங்கு) செலவில்லை. சூரிக்கில் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட தெரு ஊற்றுகள், எல்லாம் குடிநீர். குடிக்கக் கூடாத இடத்தில் பலகை வைத்திருப்பார்கள். பெரிய ரயில் நிலையங்களில் கழிப்பறைக்கு 1 முதல் 2 ஃபிராங்க், ரயிலுக்குள் இலவசம். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் எல்லோரும் போய்வந்துவிட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தில் சட்டமாகிவிட்டது.

அட்டை தேய்க்கும்போது இயந்திரம் “ரூபாயிலா, ஃபிராங்கிலா” என்று கேட்கும். ரூபாய் என்று அழுத்தினால் நமக்குப் புரிந்த எண் வரும், மாற்று விகிதத்தை மட்டும் அவர்கள் இஷ்டத்துக்கு வைத்திருப்பார்கள். எப்போதும் ஃபிராங்க். சாதாரண கிரெடிட் கார்டில் நம் வங்கி இதற்கு மேலே இரண்டு மூன்று சதவீதம் எடுக்கும், அதனால் வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டு நல்லது. ஒரே ஒரு தடவை கணவர் அவசரத்தில் ரூபாயை அழுத்திவிட்டார். நோட்டில் அந்த வரியில் சிவப்பு மையால் அடிக்கோடு இருக்கிறது.

மிச்சம் பிடிக்காமல் விட்ட இடங்களும் உண்டு. லூசெர்னிலிருந்து ரிகிக்கு ரயில் வழியும் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் படகில் போனார்கள். கடைசி இரவு ஒரு உணவகத்தில் உட்கார்ந்து ஃபோண்டு (உருக்கிய பால்கட்டி), ரோஸ்டி (துருவி வறுத்த உருளைக்கிழங்கு), மகளுக்கு ஐஸ்கிரீம் என்று 118 ஃபிராங்க். முழு நோட்டிலும் பெரிய சாப்பாட்டு ரசீது அதுதான். அதில் மட்டும் அம்மணி ரூபாய்க் கணக்குப் போடவில்லை.

இந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். மூன்று நாளில் சூரிக், லூசெர்ன், இன்டர்லாக்கன், செர்மாட் என்று ஓடுகிறவர்களுக்குத் தினமும் 83 ஃபிராங்கை எட்டுவது பெரிய விஷயமில்லை, பாஸ்தான் சரி. அருங்காட்சியகம் அருங்காட்சியகமாக ஏறி இறங்குகிறவர்களுக்கும் அதுவே, ஹாஃப் ஃபேர் கார்டில் நுழைவுக் கட்டணம் அடங்காது. பதினைந்து நாள் தங்குகிறவர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. பாசெல் பக்கம் தங்கினால் 8-ஆம் எண் டிராம் ஏறி ஜெர்மனியின் வைல் அம் ரைனில் மளிகை வாங்கிக்கொண்டு வரலாம், அந்த ஊர்க்காரர்களே அதைத்தான் செய்கிறார்கள். வரியில்லாமல் கொண்டுவரும் உச்சவரம்பை 2025 ஜனவரியில் ஆளுக்கு 300-லிருந்து 150 ஃபிராங்காகக் குறைத்திருக்கிறார்கள், நான்கு பேரின் ஒரு வார மளிகைக்கு அது போதும். பாஸ், கார்டு விலைகள் அவ்வப்போது மாறும். கிளம்பும் ஆண்டின் விலையை வைத்து அந்த 598 கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.